கழல மறுக்கும் ஆயில் ஃபில்டர்

விசைப்படகு இன்ஜினில் ஆயில் ஃபில்டர் இறுகிக்கொள்வதற்குப் பெரும்பாலும் போன தடவை ஸ்பேனர் போட்டு முறுக்கியதே காரணம். உப்புக்காற்றுத் துருவும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பில் ரப்பர் வாஷர் கொஞ்சம் இளகும். ஃபில்டரின் மூடிய முனையை நேராகப் பார்த்தபடி இடப்பக்கமாகத் திருக வேண்டும். இடுக்கில் தலைகீழாகக் குனிந்து கிடக்கும்போது திசை குழம்பி, இன்னும் இறுக்கிவிடுவோர் உண்டு!

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்பக்கம் இருக்கச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். அசையவில்லையா? பெல்ட் அல்லது செயின் ஸ்பேனரை, ஃபில்டர் இன்ஜினோடு சேரும் அடிப்பகுதியை ஒட்டி மாட்டுங்கள். நடுவில் மாட்டினால் தகரம் நசுங்கும்.

ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திருகுவது கடைசி வழி. குத்திய பிறகு இன்ஜினை ஓட்ட முடியாது. ஆகவே கரையில் மட்டும், அதுவும் புது ஃபில்டர் கையில் இருந்தால் மட்டும்.

கழற்றும்போது பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டால் எண்ணெய் அடித்தட்டில் கொட்டாது. பழைய வாஷர் இன்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புது வாஷரில் எண்ணெய் தடவி, அது தொட்டபின் முக்கால் சுற்று, கையால் மட்டும்.