பேனிக் வந்தால் கெர்னலைத் தொடாதீர்கள்

எம்பெடட் லினக்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் சீக்கிரமே சந்திக்கும் சிக்கல் இது. யூ-பூட் ஓடுகிறது, கெர்னலும் எழுகிறது. பிறகு ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆகி நின்றுவிடுகிறது. உடனே கெர்னலை மறுபடி பில்ட் செய்யக் கிளம்பாதீர்கள். கோளாறு பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் கைமாறும் இடத்தில் இருக்கும்.

அங்கே நடப்பது இவ்வளவுதான். கெர்னல், டிவைஸ் ட்ரீ, இனிட்ராம்எஃப்எஸ் மூன்றையும் யூ-பூட் ராமில் ஏற்றுகிறது. இனிட்ராம்எஃப்எஸ் தொடங்கும் முகவரியையும் முடியும் முகவரியையும் டிவைஸ் ட்ரீயின் 'சோஸன்' பகுதியில் எழுதுகிறது. 64-பிட் ஏஆர்எம்மில் கெர்னலுக்கு ரெஜிஸ்டர் வழியாகப் போவது டிவைஸ் ட்ரீயின் முகவரி மட்டுமே. மீதியை அதிலிருந்து கெர்னலே படித்துக்கொள்கிறது. அந்த இரண்டு எண்களில் ஒன்று பிசகினாலும் உள்ளே இருக்கும் ஃபைல்கள் வீண்.

எண்கள் பிசகுவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது அளவைத்தான். தலைப்பு எதுவும் ஒட்டாத இனிட்ராம்எஃப்எஸ் என்றால் முகவரியோடு அளவையும் பூட் கட்டளையில் நாம்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலை ஏற்றும்போதும் அதன் அளவை யூ-பூட் 'ஃபைல்சைஸ்' என்ற மாறியில் வைக்கிறது. அடுத்த ஃபைல் வந்ததும் பழைய அளவு அழிந்துவிடும். டிவைஸ் ட்ரீயைக் கடைசியாக ஏற்றிவிட்டு அந்த மாறியையே பயன்படுத்தினால், கெர்னலுக்குப் போவது டிவைஸ் ட்ரீயின் அளவு. இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் அறுந்துவிடும். அதைக் கடைசியாக ஏற்றுங்கள், தீர்ந்தது. அளவைக் கையால் அடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: யூ-பூட் எண்களைப் பதினாறடிமானத்தில் படிக்கும்.

முகவரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். சுருக்கப்பட்ட கெர்னல் விரியும்போது பக்கத்தில் இருப்பதை மிதித்துவிடும்.

இனி சீரியல் லாகைப் படியுங்கள். ராம்டிஸ்க்கை, அதாவது நம் இனிட்ராம்எஃப்எஸ்ஸை, எந்த முகவரிக்கு நகர்த்தியது என்பதை யூ-பூட்டே அச்சிடும். 'ஃப்ரீயிங் இனிட்ஆர்டி மெமரி' என்ற வரி வந்தால் கெர்னலுக்கு முகவரி கிடைத்துவிட்டது என்று பொருள். அன்பேக்கிங் தோற்றதாகத் தனி வரி இருந்தால் அளவையும், இனிட்ராம்எஃப்எஸ்ஸின் சுருக்க முறை கெர்னல் கான்ஃபிகில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி ஒரு வரியும் இல்லாமல் பேனிக் மட்டும் வந்தால் இனிட்ராம்எஃப்எஸ் ஆர்க்கைவைத் திறந்து பாருங்கள். அது சிபிஐஓவின் 'நியூசி' வடிவில், உச்சியிலேயே 'இனிட்' ஃபைலோடு இருக்க வேண்டும். அந்த ஃபைல் கண்ணில் படாவிட்டால் கெர்னல் பழைய வழக்கப்படி ரூட் டிஸ்க்கைத் தேடப் போகும். பேனிக் வரி டிஸ்க்கைக் குற்றம் சொல்வது அதனால்தான். புதியவர்கள் ஸ்டோரேஜ் டிரைவரில் நாள் கணக்கில் அலைவதும் அதனால்தான். ஃபைல் இருந்தும் பிழை எண் -2 வந்தால் டைனமிக் லோடர் விடுபட்டிருக்கலாம். ஸ்டாட்டிக்காகக் கட்டிய பிஸிபாக்ஸைப் போட்டுச் சோதியுங்கள்.

சீனியரிடம் கேட்கப் போகிறீர்களா? பேனிக் வரியை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். யூ-பூட்டின் முதல் வரியிலிருந்து முழு லாக், நீங்கள் அடித்த கட்டளைகள், மூன்று முகவரிகள், மூன்று அளவுகள் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள்.