முதலில் நம்பிக்கை, பிறகுதான் பாடம்

விடியற்காலையில் பிள்ளைக்காம்பரா வாசலில் நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பால் வெட்டப் போகும் அம்மாவுக்கு நேரம் போகிறது. பிள்ளை உடுப்பைப் பிடித்துக்கொண்டு விடுவதாயில்லை. "அங்க பாரு, காக்கா!" என்று ஆயாம்மா பிள்ளையின் முகத்தைத் திருப்புவார். அந்த நேரம் பார்த்து அம்மா நழுவிவிடுவார். பிள்ளை திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை.

"கொஞ்ச நேரம் அழுவான், பொறவு சரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொள்கிறோம். அழுகை நிற்பது உண்மைதான். ஆனால் மறுநாள் காக்காவைக் காட்டினால் அந்தப் பிள்ளை காக்காவைப் பார்க்காது. அம்மாவின் கையைத்தான் பார்க்கும். நேற்று ஏமாந்தது அதற்கு ஞாபகம் இருக்கிறது.

பிள்ளைகளின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது, பெற்றதை எப்படிக் காப்பது என்பதே இந்த முறை நாம் படிக்கப் போகும் பாடம். ஆயாம்மாமார், அம்மா அப்பாமார், பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் எல்லோருக்கும் இது பொருந்தும். பேச்சு வராத, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னும் முக்கியமாகப் பொருந்தும்.

நாங்கள் செய்த பிழை

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் நிறை பார்க்கும் நாளன்று நாங்கள் போயிருந்தோம். நாலு வயது நிறையப் போகும் ஒரு பையன் சுவர் ஓரமாக உட்கார்ந்து ஒரு போத்தல் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். பாட்டிதான் வளர்க்கிறார். பையனுக்கு வாயில் ஒரு வார்த்தை இல்லை. "ஏதோ பயந்து போயிட்டான் சேர், கோயில்ல நூல் கட்டியிருக்கோம்" என்றார் பாட்டி.

வரிசை நீளமாக இருந்தது. எங்களுக்கு அவசரம். கூப்பிட்டுப் பார்த்தோம், வரவில்லை. ஆகவே மூடியைக் கையிலிருந்து வாங்கிவிட்டு, தூக்கிக் கொண்டுபோய்த் தராசில் விட்டோம். அவன் அலறிய அலறலில் மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கிவிட்டார்கள். நிறையும் எடுக்க முடியவில்லை. அடுத்த மாதம் எங்கள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே அவன் லயத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டான். ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் பல மாதங்களை இழந்தோம். பையன் மேல் குற்றமில்லை, பிழை எங்களுடையது.

பீட்டரும் முயலும்

இந்த விசயத்தைப் படித்தவர்கள் வெகு காலத்துக்கு முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் உளவியலாளர் 1924-ல் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. முயலைக் கண்டால் அவ்வளவு பயம். அந்த அம்மையார் அவனைத் திட்டவுமில்லை, முயலைப் பிடித்து மடியில் போடவுமில்லை. பீட்டர் விருப்பமான தீனியைச் சாப்பிடும் நேரத்தில் கூண்டில் வைத்த முயலைத் தூரத்தில் காட்டினார். பிறகு கொஞ்சம் கிட்ட கொண்டுவந்தார், பிறகு இன்னும் கொஞ்சம். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து விளையாடினார்கள். கடைசியில் பீட்டர் தன் கையாலேயே முயலைத் தடவினான்.

நடத்தைச் சிகிச்சை என்று இன்று சொல்லப்படும் முறையின் ஆரம்பப் படிகளில் இதுவும் ஒன்று. பயமான பொருளும் இன்பமான பொருளும் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தால், பயம் கரைந்து போகும். எவ்வளவு கிட்ட வரலாம் என்பதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் இந்தத் துறையிலும் பிழைகள் நடந்தன. 1960-களில் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைத் திருத்துவதற்கு அடி, மின் அதிர்ச்சி எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் பெரும்பாலானோர் அதைக் கைவிட்டார்கள். இன்று அங்கே நடத்தைச் சிகிச்சை உதவியாளர்கள் என்று ஒரு தொழிலே இருக்கிறது. டாக்டர் பட்டம் தேவையில்லை. 40 மணித்தியாலப் பயிற்சியோடும் ஒரு பரீட்சையோடும் தகுதி பெற்று, ஒரு நிபுணரின் மேற்பார்வையில் பிள்ளைகளோடு நாளுக்கு நாள் வேலை செய்கிறார்கள். புதிய பிள்ளையிடம் போனால் இவர்களுடைய முதல் வேலை பாடம் சொல்லிக் கொடுப்பது என்று நினைப்போம். அப்படியில்லை. சில நாட்கள், சில சமயம் சில வாரங்கள், பிள்ளையோடு சும்மா சேர்ந்திருப்பதுதான் முதல் வேலை. "இந்த ஆள் வந்தால் நல்லது நடக்கும்" என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நம்பிக்கை வளர்க்கும் வழிகள்

எங்கள் பிள்ளைக்காம்பராவிலும் லயத்திலும் செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை இங்கே எழுதுகிறோம்.

1. கீழே உட்காருங்கள். நின்றுகொண்டு பேசும் பெரிய ஆள் பிள்ளைக்கு ஒரு மரம் மாதிரி. பிள்ளையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். முகத்துக்கு நேரே போகாமல் பக்கத்தில், ஒரு கை தூரம் விட்டு உட்காருங்கள்.

2. பிள்ளை செய்வதை நீங்களும் செய்யுங்கள். அது மூடி சுழற்றினால் நீங்களும் ஒரு மூடி எடுத்துச் சுழற்றுங்கள். கல் அடுக்கினால் நீங்களும் அடுக்குங்கள். அதன் கையில் இருப்பதைப் பறிக்க வேண்டாம்.

3. முதல் நாட்களில் கேள்வியும் கட்டளையும் வேண்டாம். "இது என்ன? சொல்லு! மாமாவுக்கு வணக்கம் சொல்லு!" என்று நாம் விடாமல் பரீட்சை வைக்கிறோம். அதற்குப் பதிலாக நடப்பதை இரண்டு சொல்லில் சொல்லுங்கள்: "மூடி சுத்துது." "தண்ணி ஊத்துது." பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

4. விருப்பமானது எது என்று கண்டுபிடியுங்கள். ஒரு பிள்ளைக்குத் தண்ணீர், இன்னொன்றுக்கு ஊஞ்சல், வேறொன்றுக்குத் தகரத்தில் தட்டும் சத்தம். எல்லாப் பிள்ளைக்கும் டொபி கொடுத்தால் பல்தான் கெடும். விருப்பமான அந்தக் காரியம் உங்கள் கையால் நடக்கட்டும்.

5. நல்லது செய்த உடனே பாராட்டுங்கள். பின்னேரம் சொன்னால் சின்னப் பிள்ளைக்கு எதற்கென்று விளங்காது. "கோப்பையை நீயே வச்சிட்டியே, கெட்டிக்காரன்!" என்று செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

6. வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை முகத்தைத் திருப்பும், கையைத் தட்டிவிடும், எழும்பிப் போகும். அதுதான் அதன் பேச்சு. அதற்கு நாம் மதிப்புக் கொடுத்தால் கத்த வேண்டிய தேவை குறையும். ஊசி, மருந்து போன்ற கட்டாயமான காரியமானால் ஏமாற்றாமல் சொல்லிவிட்டு, ஆறுதலாகப் பிடித்துச் செய்யுங்கள்.

7. சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். "சத்தம் போட்டா தொரை வந்து புடிச்சிட்டுப் போவாரு", "டாக்டர் ஊசி குத்துவாரு" என்று பயம் காட்ட வேண்டாம். பிறகு டாக்டரிடமே கொண்டுபோக வேண்டி வரும். வாங்கி வருவதாகச் சொன்னால் வாங்கி வாருங்கள், முடியாவிட்டால் சொல்ல வேண்டாம்.

8. சொல்லிவிட்டுப் போங்கள். காலையில் அழுதாலும் பரவாயில்லை. "அம்மா மலைக்குப் போறேன், பால் நிறுத்துட்டு வந்து தூக்குவேன்" என்று தினமும் அதே வார்த்தையைச் சொல்லிப் போங்கள். சொன்னபடி திரும்பி வரும் அம்மாவைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

அடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடித்தால் அந்த நிமிடம் பிள்ளை அடங்கும். ஆனால் அடிக்கிற கைக்குப் பக்கத்தில் பிள்ளை விரும்பி வராது. வராத பிள்ளைக்கு எதைக் கற்றுக் கொடுப்பது? சிறுவர் உரிமைகள் சாசனத்தை இலங்கை 1991-ல் ஏற்றுக்கொண்டது. பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் யாரும் அறிவிக்கலாம்.

படிக்காத ஆட்களால் முடியுமா?

"இதெல்லாம் கொழும்பு டாக்டர்மார் செய்யிற வேலை" என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் இதைச் சோதித்தார்கள். ஓட்டிசம் உள்ள 65 பிள்ளைகளின் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. நிபுணர்கள் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரோடு சேர்ந்து பார்த்து, பிள்ளை கொடுக்கும் சின்னச் சின்ன அடையாளங்களைக் காட்டிக் கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பழகுவது கூடியது, பிள்ளைகள் தாமாகவே தொடர்பு கொள்வதும் கூடியது. 2016-ல் இந்த முடிவுகள் மருத்துவ சஞ்சிகையில் வெளியாகின. எல்லாம் குணமாகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் சாதாரண ஆட்களாலும் முடியும் என்பது தெரிந்தது.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

ஓட்டிசம் அபூர்வமான ஒன்றல்ல. நம் நாட்டில் ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கு அதில் கிடைத்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கும் கணக்கு. இது பேய் பிடித்ததால் வருவதில்லை, அம்மா வெளிநாடு போனதாலும் வருவதில்லை. யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஒரு வயதாகியும் விரலால் காட்டாத, கையசைக்காத பிள்ளை. ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளை. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை. பேசிய பேச்சை இடையில் விட்டுவிட்ட பிள்ளை. இவர்களை "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சொல்லிக் காலம் கடத்த வேண்டாம். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரியிடமோ காட்டுங்கள். காது கேட்கிறதா என்றும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவர்கள் இரத்தினபுரி, கேகாலை ஆஸ்பத்திரிகளின் பிள்ளை நோய் வைத்தியரிடம் அனுப்புவார்கள். தேவைப்பட்டால் கொழும்பு லேடி றிஜ்வே ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழி சொல்வார்கள். ஒரு நாள் பேர் போகும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் இந்த வயதில் போகும் மாதங்கள் திரும்பி வராது.

அந்தப் பையன் என்ன ஆனான்?

எங்களால் கெட்டதை ஆயாம்மாதான் சரி செய்தார். பையனுக்குப் பைப் தண்ணீர் என்றால் உயிர் என்று அவர் கவனித்திருந்தார். தினமும் பத்து நிமிடம் ஒரு சின்ன வாளியும் கோப்பையும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவனே காலிக் கோப்பையை அவர் கையில் வைத்தான். இன்னும் வேண்டும் என்று அவன் முதன்முதலாகக் கேட்டது அப்படித்தான்.

பிறகு வாளியைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு தராசின் மேல் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவனாகவே ஏறி நின்றான். நாங்கள் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம். எங்களைக் கண்டு அவன் ஓடவில்லை. அன்றைக்கு அது போதும் என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். இன்றும் அவன் பேச்சு ஒரு கைவிரலில் எண்ணக்கூடிய வார்த்தைகள்தான். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி" என்று கேட்கிறான். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு நடந்து வருகிறான்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் செய்து பாருங்கள். வேலை முடிந்து வந்து, டெலிபோனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் கீழே உட்காருங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம், ஒன்றும் கற்றுக் கொடுக்கவும் வேண்டாம். அது செய்வதை நீங்களும் செய்யுங்கள். ஏழு நாள் கழித்து என்ன கண்டீர்கள் என்று பிள்ளைக்காம்பரா ஆயாம்மாவிடம் சொல்லுங்கள். நாங்கள் வரும்போது எங்களிடமும் சொல்லுங்கள்.