கிளைடர் ஓட்ட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

கிளைடர் பழக வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தரையிறங்குவதில்தான் பயம். அதைப் பயிற்சியாளர் பின் இருக்கையில் உட்கார்ந்து பொறுமையாகக் கற்றுத் தந்துவிடுவார். என் கவலை வேறு. எஞ்சின் இல்லாத நாம் எல்லோரும் மேலே தூக்கும் காற்றைத் தேடித்தான் போகிறோம். காற்று எங்கே நன்றாகத் தூக்குகிறதோ அங்கேதான் கூட்டமும் சேரும். நடுவானில் மோதும் ஆபத்தும் அங்கேதான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதல் கருவி கண். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் இரண்டு கிளைடர்கள் நேருக்கு நேர் வந்தால், இடையில் இருக்கும் ஒரு கி.மீ. 12 வினாடியில் தீர்ந்துவிடும். எதிரே வருவதைக் கண்டு, மோத வருகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் திரும்புவதற்குள் 12.5 வினாடி போய்விடும் என்பது அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. சொல்லும் கணக்கு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மோத வரும் கிளைடர் உங்கள் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும், கடைசி சில வினாடிகளில்தான் மளமளவென்று பெரிதாகும். அசைவது எளிதாகக் கண்ணில் படும், அசையாதது படாது. அதனால் பார்வையை ஓடவிடாமல், வானத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

2. வழிவிடும் விதிகள் யோசிக்காமலே வர வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்புவது பொது விதி. மலைச்சரிவை ஒட்டிப் பறக்கும்போது, மலை வலப்பக்கம் இருப்பவர் அப்படித் திரும்ப முடியாது. அங்கே மலையை இடப்பக்கம் வைத்திருப்பவர்தான் விலக வேண்டும்.

3. தெர்மலுக்குள், அதாவது மேலெழும் வெப்பக் காற்றுக்குள், முதலில் சுற்றிக்கொண்டிருப்பவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, நீங்களும் அந்தப் பக்கமே சுற்றுங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

4. ஃப்ளார்ம் என்ற சிறு பெட்டி 2004-இல் சுவிட்சர்லாந்தில் கிளைடர்களுக்கென்றே உருவானது. ஜி.பி.எஸ். மூலமும் காற்றழுத்த உணரி மூலமும் தன் இடத்தையும் உயரத்தையும் அறிந்து, அடுத்த சில வினாடிகளில் எந்தப் பாதையில் போவோம் என்று கணித்து, அதை வானொலி அலையில் அறிவித்துக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கிளைடரின் பாதையோடு ஒப்பிட்டு, மோதும் வாய்ப்பு இருந்தால் விளக்கெரிந்து ஒலிக்கும். வட்டமடிக்கும் பாதையையும் கணக்கில் எடுப்பதால், ஒரே தெர்மலில் பத்துப் பேர் சுற்றினாலும் ஓயாமல் கத்தாது. அதுதான் இதன் அருமை.

ஆனால் எந்தப் பக்கம் திரும்பு என்று அது சொல்லாது. ஆபத்து இருக்கும் திசையை மட்டுமே காட்டும். ஒலி கேட்டதும் பெட்டியை உற்றுப் பார்க்காதீர்கள், வெளியே பாருங்கள். அது காட்டும் திசையும் நீங்கள் தரையின் மேல் நகரும் பாதையை வைத்துக் கணித்தது. பக்கக் காற்று பலமாக அடித்தால் உங்கள் மூக்கு வேறு பக்கம் பார்த்திருக்கும். காட்டும் திசைக்கு இருபுறமும் தேடுங்கள்.

5. கார்பன் ஃபைபர் உடல் வானொலி அலையைத் தடுக்கும். ஆன்டெனாவை வைத்த இடம் தவறென்றால் ஒரு பக்கம் குருடாகிவிடும். பொருத்தியபின் எல்லாத் திசையிலும் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று சோதியுங்கள். மென்பொருளையும் காலாவதியாக விடாதீர்கள்.

6. இதை நன்றாக மனத்தில் வையுங்கள்: ஜெட் விமானத்துக்கு உங்கள் ஃப்ளார்ம் கேட்காது. மோதலை எச்சரிக்கும் அதன் டீகாஸ் கருவிக்குத் தெரிவது, ரேடார் கேள்விக்குப் பதில் அனுப்பும் ட்ரான்ஸ்பாண்டர் மட்டுமே. 2006 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் நெவாடாவில், ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில், ரீனோ நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஹாக்கர் 800 ஜெட்டும் ஏ.எஸ்.ஜி. 29 கிளைடரும் மோதின. கிளைடரில் ட்ரான்ஸ்பாண்டர் இருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த அதை ஆன் செய்யவில்லை. ஜெட்டின் கருவி எச்சரிக்க வழியே இல்லாமல் போயிற்று. கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். ஜெட் சக்கரம் இறங்காமல் கார்சன் சிட்டியில் வயிற்றால் சறுக்கி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை.

7. சட்டம் சலுகை தருகிறதே என்று இருந்துவிடாதீர்கள். எஞ்சினால் மின்சாரம் தயாரிக்க முடியாது என்ற காரணத்தால் அமெரிக்காவில் கிளைடர்களுக்கு ட்ரான்ஸ்பாண்டர் விதியிலிருந்து விலக்கு உண்டு. நெவாடா விபத்துக்குப் பின் அந்த விலக்கை நீக்கும்படி என்.டி.எஸ்.பி. என்ற விபத்து விசாரணை அமைப்பு பரிந்துரைத்தது. பிரான்ஸில் கிளைடர்களுக்கு ஃப்ளார்ம் கட்டாயம். என்னைக் கேட்டால், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பறப்பவருக்கு ட்ரான்ஸ்பாண்டர் விலக்கே கூடாது. அந்த விலக்கு எழுதப்பட்ட காலத்தின் பேட்டரி வேறு, இன்று கிடைக்கும் லித்தியம் பேட்டரி வேறு.

8. அமெரிக்காவில் பறக்கப் போனால், கட்டுப்பாட்டு அறையோடு பேசாத கிளைடருக்கு உரிய ட்ரான்ஸ்பாண்டர் எண் 1202. முந்தின இரவே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போடுங்கள். இழுவைக் கயிறு மாட்டும் முன் ட்ரான்ஸ்பாண்டரை ஆன் செய்யுங்கள், தரையில் நின்றபிறகு மட்டும் ஆஃப் செய்யுங்கள். பேட்டரி போதவில்லையென்றால் பெரியதாக ஒன்று வாங்குங்கள்.