பழைய டர்போ வாங்கி மாட்டுகிறீர்களா?
கழற்றிப் போட்ட டர்போவுக்கு விலை பேசும் முன் ஷாஃப்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை ஹவுசிங்கில் உரசியிருந்தாலோ எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மாட்டும்போது பலர் கோட்டை விடுவது ஆயில் பைப்பில்தான். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றை எட்டக்கூடிய ஷாஃப்ட், ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. பைப்பில் கரி அடைத்திருந்தால் புது பேரிங்கே தாங்காது. பழையதைக் கேட்கவா வேண்டும்! பைப், ஆயில், ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். ஆயில் திரும்பும் பைப் மடங்காமல் சரிவாக இறங்கட்டும். அங்கே பேஸ்ட் தடவாதீர்கள், பிதுங்கி வழியை அடைக்கும். டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி, கையால் சுழற்றி, டீசலை அடைத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஆயில் பிரஷர் காட்டிய பிறகே ஸ்டார்ட்.