கோட்டுக்கு மார்க் கிடையாது

ஐஐஎம் எனப்படும் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வின் முடிவு டிசம்பர் கடைசியில் வரும். சில ஆண்டுகளில் ஜனவரிக்குத் தள்ளிப்போகும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஐஐஎம்களின் நேர்காணல் பருவம். அழைப்பு வந்த பிள்ளை முதலில் தேடுவது பொருளாதாரப் புத்தகத்தை அல்ல, கோட்டை. வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, புடவையா, சுடிதாரா, தாடியை எடுத்துவிடலாமா என்று வீட்டில் ஒரு மாநாடே நடக்கும். மாமா ஒன்று சொல்வார், பயிற்சி மையத்தில் இன்னொன்று சொல்வார்கள், போன வருடம் சேர்ந்த சீனியர் வாட்ஸ்அப்பில் மூன்றாவதாக ஒன்று அனுப்புவார். இவற்றில் பல, கம்பெனி இன்டர்வியூவுக்குச் சொல்லப்பட்டவை. அப்படியே இங்கே இறக்குமதி ஆகியிருக்கின்றன. கொஞ்சம் சலித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: உடைக்கும் மதிப்பெண் உண்டு.

கிடையாது. மாணவர்களை எந்த அடிப்படையில் எடுக்கிறோம் என்பதை ஐஐஎம்கள் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. கேட் மதிப்பெண், நேர்காணல், எழுத்துத் தேர்வு, பத்தாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரையிலான மார்க், வேலை அனுபவம் என்று பட்டியல் போகும். நிறுவனத்துக்கு நிறுவனம் சதவீதம் மாறும். உடை, தோற்றம் என்று ஒரு வரி அதில் இருக்காது. எதிரே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் உங்கள் விண்ணப்பம். பதினைந்து நிமிடமோ அரைமணி நேரமோ பேச்சு நடக்கும். பட்டப்படிப்பில் படித்த பாடத்திலிருந்து கேள்வி வரும், வேலை பார்த்திருந்தால் அதிலிருந்து வரும், அன்றைய செய்தித்தாளிலிருந்தும் வரும்.

ஆனால் எதிரே இருப்பவர்களும் மனிதர்கள்தான். கசங்கிய சட்டையும் அழுக்குக் காலரும் அவர்கள் கண்ணில் படாமல் போகாது. நல்ல உடையால் ஒரு மார்க்கும் ஏறாது. அலட்சியமான உடையால் முதல் இரண்டு நிமிடம் கெடலாம். உடை விஷயத்தில் இதற்கு மேல் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

நம்பிக்கை: சொல்வதற்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி எல்லாம் தோற்றமும் தொனியும்.

ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் திரையில் ஓடும் கணக்கு இது. சொல் 7, குரல் 38, உடல்மொழி 55. உடல்மொழி என்ற இடத்தில் சிலர் உடையையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இதன் மூலம் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். ஒன்றில் ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் பதிவுசெய்து கேட்கவைத்தார்கள். இன்னொன்றில் ஒரே சொல்லின் ஒலிப்பதிவோடு வெவ்வேறு முகபாவங்களின் படங்களைக் காட்டினார்கள். பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்பதுதான் அங்கே கேள்வி. சொல்லும் தொனியும் முரண்படும்போது மக்கள் தொனியையும் முகத்தையும் நம்புகிறார்கள் என்பது விடை. அந்தச் சோதனையில் உடைக்கு இடமே இல்லை. எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், பதிலில் 55 சதவீதத்தை முகத்தால் சொல்லிவிட முடியுமா?

நம்பிக்கை: ஆண்கள் சூட், டை இல்லாமல் போகவே கூடாது.

அழைப்புக் கடிதத்தை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். பக்கம் பக்கமாகச் சான்றிதழ்கள் பற்றி இருக்கும். உடை பற்றிப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் 'ஃபார்மல்' என்ற அளவோடு நின்றுவிடும். நம் பிள்ளைகள் நீட் தேர்வைப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே முழுக்கை கூடாது, ஷூ கூடாது என்று உண்மையாகவே விதி இருக்கிறது. காப்பியடிப்பதைத் தடுக்க வந்த விதி. அதே மாதிரி இங்கேயும் ஒரு சட்டப் புத்தகம் ஒளிந்திருக்கும் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

முழுக்கைச் சட்டை, அளவான பேன்ட், பெல்ட், துடைத்த தோல் ஷூ. போதும். டை கட்டத் தெரிந்தால் கட்டலாம். பிப்ரவரி காலையில் டெல்லியில் நேர்காணல் என்றால், மரியாதைக்கு இல்லாவிட்டாலும் குளிருக்காகக் கோட் வேண்டும். மார்ச் மாத மதியம் சென்னையில் மின்சார ரயிலில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போகிறவருக்கு அது ஒரு சுமை. கோட் போடுவது என்று முடிவெடுத்தால் கையில் மடித்து எடுத்துப் போய், ஏசி அறைக்குள் நுழைந்த பிறகு மாட்டிக்கொள்ளுங்கள்.

புதுக் கோட் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கோட்டின் பின்பக்கம் கீழே ஒரு பிளவு இருக்கும். கடைக்கு வரும் வழியில் கசங்காமல் இருக்க அதைப் பெருக்கல் குறி மாதிரி நூலால் தைத்து அனுப்புவார்கள். வெளிப் பைகளும் தைத்திருக்கும். இடது கை மணிக்கட்டருகே துணிக் கம்பெனியின் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். இந்த மூன்றையும் வீட்டில் பிரித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று கடையில் எல்லாரும் சொல்வதில்லை. கை நுனியில் சீட்டோடும் பின்னால் வெள்ளைப் பெருக்கல் குறியோடும் வரிசையில் நிற்கும் பையன்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வாடகைக் கோட் என்றால் தோளை மட்டும் பாருங்கள். இடுப்பையும் கை நீளத்தையும் தையல்காரர் ஒரு மாலையில் சரிசெய்துவிடுவார். தோள் பெரிதாக இருந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வேட்டி கட்டிப் போகலாமா என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். 2014-இல் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அதே ஆண்டில் தமிழக அரசு அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. கிளப்புகளுக்குத்தான் பழைய துரைமார் விதிகள் இருந்தன. நேர்காணல் கடிதங்களில் வேட்டிக்குத் தடை எதையும் நான் கண்டதில்லை. தினமும் கட்டுகிறவர் தாராளமாகக் கட்டிப் போகலாம். கவனத்தை ஈர்ப்பதற்காக அன்றைக்கு மட்டும் கட்டினால், முதல் கேள்வியே வேட்டியில் தொடங்கி ஈரோட்டு விசைத்தறி, நூல் விலை, ஜிஎஸ்டி என்று நீளும். பதில் தயாராக இருந்தால் அதுவும் நல்லதுதான்.

நம்பிக்கை: பெண்களுக்குப் புடவைதான் மரியாதை. (எதிர்க் கட்சி: புடவை கட்டினால் பட்டிக்காடு என்று நினைப்பார்கள்.)

இரண்டுமே தவறு. புடவை, சல்வார் கமீஸ், சட்டை-பேன்ட் மூன்றும் ஐஐஎம் நேர்காணல் வாசலில் சகஜம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த உடையில் நான்கு மணி நேரம் இருக்க முடியுமா? காலையில் போனால் சான்றிதழ் சரிபார்ப்பு, பிறகு காகிதத்திலோ கணினியிலோ எழுத்துத் தேர்வு, பிறகு பெயர் கூப்பிடும் வரை காத்திருப்பு. கல்லூரி விழாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அம்மா கையால் புடவை கட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு இது சோதனை. மடிப்பு தளர்ந்தால் தானே சரிசெய்யத் தெரியாது. ஃபைலைப் பிடித்த கையாலேயே முந்தானையையும் பிடித்துக்கொண்டிருப்பாள். கேள்வி வரும்போது பாதி மனது இடுப்பில் இருக்கும்.

புடவைதான் என்றால் கஞ்சி போட்ட காட்டன் வேண்டாம். உட்கார்ந்து எழுந்தால் முன் கொசுவம் கூடாரமாக நிற்கும். கட்டி, பின் குத்தி, வீட்டிலேயே அரை நாள் நடமாடிப் பாருங்கள். பேருந்தில் ஏறுவது போல் நாற்காலியில் ஏறி இறங்கிப் பாருங்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திவிட்டால் அதை மறந்துவிடலாம். சட்டை என்றால் கண்ணாடி முன் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து பாருங்கள்: பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளந்தால் அந்தச் சட்டை வேண்டாம். ஆண்களுக்கும் இதே சோதனைதான், தொப்பை உள்ளவர்களுக்குக் கூடுதலாக.

நம்பிக்கை: கறுப்பு ஆகாது, சிவப்பு ஆணவம், நீலம் நம்பிக்கை.

கறுப்பு ஆகாது என்பது பாட்டியின் சாஸ்திரம். மற்ற இரண்டும் மார்க்கெட்டிங் புத்தகச் சாஸ்திரம். நிறத்தை வைத்து ஒரு மாணவரின் குணத்தைக் கணக்கிட எதிரே இருப்பவர்களுக்கு நேரமில்லை. வியர்வை ஈரம் குறைவாகத் தெரியும் என்பதற்காக வேண்டுமானால் வெள்ளையைத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டி மனம் நோகாமல் இருக்கக் கறுப்பைத் தவிர்த்தாலும் குற்றமில்லை.

நம்பிக்கை: விலை உயர்ந்த உடை தன்னம்பிக்கை தரும்.

இதற்கு ஆய்வு இருக்கிறது என்பார்கள். 2012-இல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர், மருத்துவர் கோட் என்று சொல்லி வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டபோது கவனம் கூர்மையானதாக எழுதினார்கள். உலகம் முழுக்கப் பரவியது. 2019-இல் வேறு ஆய்வாளர்கள் இன்னும் அதிகம் பேரை வைத்து அதில் ஒரு சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. எப்படியும் அந்த ஆய்வு விலையைப் பற்றிப் பேசவில்லை. கடன் வாங்கி எடுத்த கோட்டில் காபி சிந்திவிடுமோ என்ற பயம்தான் மிச்சம். கல்விக் கட்டணமே லட்சங்களில் கட்டப்போகிற குடும்பத்துக்கு இது தேவையில்லாத செலவு.

நம்பிக்கை: ஷூ புதிதாக இருக்க வேண்டும்.

புது ஷூ குதிகாலைக் கடிக்கும். பத்து நாள் முன்பே வாங்கி வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். இதைவிட மோசமானது, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வாங்கி மூன்று நான்கு வருடமாகப் பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூ. பார்க்கப் புதிதாக இருக்கும். பல ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், போடாமல் வைத்திருந்தாலும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். நேர்காணலன்று நாலு எட்டு வைத்ததும் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். ஒரு வாரம் முன்பே போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்கள்.

நம்பிக்கை: விபூதி, பொட்டு, தாடி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

வேண்டாம். தாடியைச் சீராக வெட்டினால் போதும். விபூதி, குங்குமம், ஹிஜாப், சிலுவைச் சங்கிலி எதுவானாலும் தினமும் உங்களோடு இருப்பது அன்றைக்கும் இருக்கலாம். கலகலக்கும் வளையலையும் தளர்ந்து தொங்கும் கைக்கடிகாரத்தையும் மட்டும் வீட்டில் விடுங்கள். மேசையில் கை வைக்கும்போதெல்லாம் அவை சத்தம் போடும்.

நம்பிக்கை: ஆன்லைன் நேர்காணலில் மேல் பாதி போதும்.

கொரோனா காலத்தில் ஐஐஎம்கள் இணையவழியில் நேர்காணல் நடத்தியபோது பிறந்த நம்பிக்கை. சார்ஜர் கழன்றால் எழுந்து போக வேண்டிவரும். பேன்ட் போடுங்கள். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் நெளியும். ஒரே நிறமாக எடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, உடையை விட நூறு மடங்கு முக்கியமான ஒன்று பலர் வீட்டில் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசுப் பயன்பாட்டுக்கு உரியது. ஐஐஎம்மில் ஓபிசி ஒதுக்கீடு கேட்டால் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்ற வரியோடு, தனிச் சான்றிதழ் வேண்டும். அதுவும் அண்மையில் வாங்கியதாகக் கேட்பார்கள். அது இல்லாமல் போனால் எவ்வளவு நல்ல கோட்டும் உதவாது. கோட்டுக்கு அளவு கொடுக்கப் போகும் முன் இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்துவிடுங்கள். தாசில்தார் அலுவலகத்திலிருந்து அது வந்து சேர நாள் பிடிக்கும்.