மெதுவாய் நடப்பவர் வகுத்த வழி

லண்டன் மாநகரைக் குடும்ப சகிதமாய்ப் பார்க்கப் புறப்படுகிறவர்களில் பலர், அங்குள்ள பிரசித்தமான இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பார்த்தது பார்த்தது என்று ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே போவதில் ஒருவித வீரம் இருப்பதாக எண்ணுகிறார்கள். எழுபதைத் தாண்டிய தாயாரும் எட்டு வயதுப் பையனும் உடன்வரும் யாத்திரையில் அந்த வீரத்துக்கு இடமில்லை என்பது என் அபிப்பிராயம். யார் மிக மெதுவாக நடப்பாரோ, யாருக்கு முதலில் பசிக்குமோ, அவர்களிடம் அன்றைய தினத்தின் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் பரிவாரமாய்ப் பின்தொடர்வதே உத்தமம்.

ஆகவே, நாள் வெள்ளிக்கிழமை, வழி தேம்ஸ் நதி என்று நிர்ணயம் செய்தோம். மற்ற நாட்களில் மாலை ஐந்து மணிக்கே கதவடைக்கும் பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளியன்று மட்டும் இரவு எட்டரை வரை திறந்திருப்பதால், அதை மாலைக்கு ஒதுக்கிவிட்டால் பகற்பொழுது முழுவதும் நமக்கு மிச்சமாகிறது.

காலையில் முதலில் லண்டன் டவர். பதினோராம் நூற்றாண்டில் வில்லியம் மன்னன் எழுப்பத் தொடங்கிய வெள்ளைக் கோபுரத்தை நடுவில் கொண்ட இக்கோட்டைக்குள், திறந்தவுடன் நுழைந்து, வேறெதிலும் மனத்தைச் செலுத்தாமல் நேரே ராஜாபரணங்கள் இருக்கும் மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். நேரம் ஏற ஏற அங்கே வரிசை வாலாய் நீண்டுவிடும். கிரீடங்களின் எதிரே தரையே நகர்ந்து நம்மைச் சுமந்து செல்வதால், நின்று பார்க்க ஆசைப்பட்டாலும் முடியாது. கூட்டமில்லாத காலை வேளையிலோ, சுற்றி வந்து இன்னொரு முறை ஏறிக்கொள்ளலாம். அப்படி ஏறியபோது, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ராணிக்காக 1937-ல் செய்த கிரீடத்தில் பதித்திருக்கும் கோஹினூரைக் காட்டி, 1849-ல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றியபோது துலீப் சிங் என்ற பாலராஜாவிடமிருந்து அது கைமாறிய கதையைப் பையனுக்குச் சொன்னேன்.

"அந்த ராஜாவுக்கு என்ன வயசுப்பா?"

"பத்து."

அதன்பிறகு அவன் மற்ற கிரீடங்களைச் சட்டை செய்யவில்லை. குழந்தைக்கு ஓர் இடத்தில் ஒரு கதை போதும். அதைக்கூட முன்னதாகவே படித்து வைத்திருப்பது பெற்றோரின் கடமை.

என் தாயாரின் சிந்தையைக் கவர்ந்தவை வைரங்கள் அல்ல. புல்தரையில் கம்பீரமாய் உலாவிய அண்டங்காக்கைகள். அவை கோட்டையை விட்டு நீங்கினால் ராஜ்யமே வீழும் என்ற ஐதீகத்தை முன்னிட்டு, எப்போதும் ஆறுக்குக் குறையாமல் அங்கே பராமரித்து வருகிறார்கள். "ராஜாங்கத்தையே தாங்குற காக்காய்க்கு ஒரு பிடி சோறு வைக்கக் கூடாதாடா?" என்று பையைத் திறக்கப் போனவரை, அவை கொத்தும் என்ற அறிவிப்புப் பலகையைக் காட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சோறு, ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலை விடுதி அறையில் வடித்த சாதத்தில் பிசைந்தது. கோட்டைக்கு வெளியே கல்லிருக்கையில் அமர்ந்து அதைச் சாப்பிட்டோம். பணம் மிச்சமாயிற்று என்பது ஒருபுறமிருக்க, வாய்க்குப் பழகிய உணவு வேளை தவறாமல் கிடைத்துவிட்டால் பிற்பகலில் பெரியவர்களுக்கு அலுப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாய்க் குடிக்கலாம். காலிப்புட்டி ஒன்று போதும். கழிவறையை மட்டும் கண்ட இடத்திலேயே உபயோகித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது எங்கே இருக்கும் என்பது எளிதில் தெரியாது.

கோட்டை வாசலை அடுத்த படகுத்துறையில் ஏறினால் வெஸ்ட்மின்ஸ்டர் வரையில் உட்கார்ந்தபடியே போகலாம். 1894-ல் திறக்கப்பட்ட டவர் பாலம் பின்னே சிறுத்துப் போக, லண்டன் பாலத்துக்கு அடியில் புகுந்து, இடப்புறம் ஷேக்ஸ்பியரின் நாடகசாலையைப் போல அண்மைக் காலத்தில் கட்டிய குளோப் அரங்கும், வலப்புறம் கிறிஸ்டோபர் ரென் நிர்மாணித்த புனித பவுல் ஆலயத்தின் குவிமாடமும் தாமே வந்து தரிசனம் கொடுக்க, காலுக்கு ஓய்வும் கண்ணுக்கு விருந்தும் ஒருங்கே வாய்க்கின்றன. நடந்து பார்த்திருந்தால் அரைநாள் போயிருக்கும், பாட்டியின் முழங்காலும் போயிருக்கும்.

வெஸ்ட்மின்ஸ்டரில் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அருகிலுள்ள செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். பிரயாணத் திட்டத்தில் இப்படியொரு சும்மாயிருக்கும் நேரத்தை எழுதியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அங்குள்ள ஏரியில், 1664-ல் ருஷ்ய தூதர் அரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தது முதல் கூழைக்கடாக்கள் வசிக்கின்றன. வேடந்தாங்கலில் தொலைவிலிருந்து பார்த்த பறவை கைக்கெட்டும் தூரத்தில் சிறகு கோதிக்கொண்டிருந்ததில், பையன் புறப்படவே மறுத்தான்.

மியூசியத்தில் பிரவேசத்துக்குக் கட்டணமில்லை. ஆதலால், கொடுத்த காசுக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. எகிப்திய மம்மிகளைப் பையனும், அமராவதிச் சிற்பங்களை நானும் தேர்ந்துகொண்டோம். கிருஷ்ணா நதிக்கரையிலிருந்த பௌத்த ஸ்தூபத்தின் வெண்சுண்ணக் கற்களை வால்டர் எலியட் 1845-ல் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்ப, அவற்றில் ஒரு பகுதி 1859-ல் கப்பலேறி லண்டன் வந்து சேர்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் கொடியும் தாமரையும் யானைகளுமாய் நெருங்கிக் கிடந்த அந்தக் கற்களைப் பார்த்துவிட்டு, மிச்சம் எழும்பூர் மியூசியத்தில் இருப்பதாக நான் சொன்னதும், "பஸ்ஸுல அரைமணியில போற இடம், இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கூட்டிட்டுப் போகலையே!" என்றார் தாயார். ஊர் திரும்பியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அப்போதே நிச்சயமாகிவிட்டது.

விடுதிக்குத் திரும்பப் பேருந்தையே நாடினோம். 1863-ல் தொடங்கிய பாதாள ரயில் வேகமானதுதான். ஆனால் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. அதன் வரைபடத்தில் சக்கர நாற்காலிச் சின்னமுள்ள நிலையங்களை முதல்நாள் இரவே குறித்துக்கொள்ளாவிட்டால் முதியவர்கள் படிக்கட்டில் அவஸ்தைப்பட நேரும். பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை. ஒரே வங்கி அட்டையை இருவருக்குத் தேய்க்கவும் இயலாதாகையால், பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனி அட்டை இருக்க வேண்டும். பதினொரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை. மாடியின் முன்வரிசை காலியாயிருந்தால் பையனோடு ஒருவர் ஏறிக்கொள்ளட்டும். வண்டி ஓடும்போது அந்தக் குறுகிய படிகள் ஆடுவதால், பாட்டிக்குக் கீழ்த்தளமே சௌகரியம்.