‘எலிஜிபிள்’ என்றால் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை

ஏ.எல். பெறுபேறு வெளியாகும் வாரத்தில் நாவலப்பிட்டியில் என் ஆங்கில வகுப்பில் இலக்கணம் நடக்காது. பிள்ளைகள் போனும் கையுமாக வருவார்கள். கூடவே அம்மாவோ மாமாவோ. மூன்று பாடமும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையும் தேறியாயிற்று என்றால் முகத்தில் வெளிச்சம். “கெம்பஸுக்கு எலிஜிபிள்னு சொல்றாங்க சேர். அப்ப கெடச்சிரிச்சி தானே?” என்று தோட்டத்துத் தாய்மார் கேட்பார்கள். “இன்னும் இல்லம்மா, இனித்தான் வேலையே இருக்கு” என்பேன்.

படிவங்களிலும் வர்த்தமானியிலும் அடிக்கடி கண்ணில் படும் இந்த ஒரு பெயரடையை மாணவருக்குச் சொல்லிக் கொடுத்ததில் நான் கற்றவை சில.

1. முடிவு யார் கையில் என்று பாருங்கள்

எலிஜிபிள் என்றால் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர், அவ்வளவுதான். தெரிவு செய்வது வேறொருவர் வேலை. ஆண்டுதோறும் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோர் ஒன்றரை லட்சத்தையும் தாண்டும். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. இசட் புள்ளிதான் மற்றவர்களைக் கழிக்கிறது. பெரும்பாலான விஞ்ஞானப் பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

எங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம். நாவலப்பிட்டி கண்டி மாவட்டம்; கொஞ்சம் மேலே ஏறினால் கினிகத்தேனை, அது நுவரெலியா மாவட்டம். ஒரே டியூஷனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்து, ஒரே புள்ளி எடுத்த இருவரில், கினிகத்தேனைப் பாடசாலைப் பிள்ளைக்கு இடம் கிடைத்து நாவலப்பிட்டிப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம். இருவருமே எலிஜிபிள்.

2. ‘என்டைட்டில்ட்’ வேறு

இது உரித்து, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். இந்த வித்தியாசத்தை மலையகத் தமிழரைவிட அதிக விலை கொடுத்துப் படித்தவர் யாருமில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தில், திருமணமானவர் 7 ஆண்டு, ஆகாதவர் 10 ஆண்டு, 1946 ஜனவரிக்கு முன் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபித்து விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி விசாரித்து முடிவு சொல்வார். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. அது எலிஜிபிள் வகை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வேறு மாதிரி. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும், இங்கே வசிக்கும் அவர்களின் வாரிசுகளும் இலங்கைப் பிரஜைகள் என்று சட்டமே சொல்லிவிட்டது. அது என்டைட்டில்ட் வகை. சட்டக் கதையாகச் சொன்னபின் இந்த இரண்டு சொல்லையும் என் மாணவர்கள் குழப்பிக்கொண்டதில்லை.

3. பின்னால் வரும் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்

பெயர்ச்சொல் வந்தால் ‘எலிஜிபிள் ஃபோர்’: எலிஜிபிள் ஃபோர் த போஸ்ட், ஃபோர் எ ஸ்கொலர்ஷிப். வினை வந்தால் ‘எலிஜிபிள் டு’: எலிஜிபிள் டு அப்ளை, டு வோட். தனிச் சொல்லாக மனப்பாடம் செய்தால் எழுதும்போது கை தடுமாறும்.

4. எதிர்ச்சொல்லில் கவனம்

‘அன்எலிஜிபிள்’ என்று ஒன்று இல்லை. ‘இன்எலிஜிபிள்’ என்பதே சரி. அதன் பக்கத்திலேயே ‘இல்லெஜிபிள்’ என்றொரு சொல் காத்திருக்கிறது. அதற்கு அர்த்தம் வாசிக்க முடியாத எழுத்து. வேகமாகச் சொன்னால் காதுக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். படிவம் நிரப்பும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கையெழுத்து இல்லெஜிபிள் ஆனால், எலிஜிபிள் ஆன விண்ணப்பமும் திரும்பி வரலாம்.

5. நினைவில் நிற்க ‘எலெக்ஷன்’

தெரிவு செய்தல் என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை எலெக்ஷனும் எலிஜிபிளும். வேட்புமனு ஏற்கப்பட்டவர் எல்லாம் ஜெயித்தவர் இல்லை என்பது நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சில் வரும் ‘எலிஜிபிள் பெச்சிலர்’ கூட இதே கணக்கு: மாப்பிள்ளையாகத் தெரிவு செய்யத் தக்கவர், இன்னும் யாரும் செய்யவில்லை.

6. வேலைக்கான கடிதத்தில் அளவாக

‘ஐ ஆம் எலிஜிபிள்’ என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எந்த நிபந்தனை, எந்தச் சான்றிதழ் என்பதை அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். ‘வெரி எலிஜிபிள்’ என்று கூட்டி எழுதவும் வேண்டாம். தகுதி உண்டு அல்லது இல்லை.

7. வர்த்தமானியே நல்ல பாடப்புத்தகம்

அரச வேலை அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் மூன்று மொழியிலும் வரும். தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து ஒரே அறிவித்தலை வாசியுங்கள். எலிஜிபிள் என்று வரும் இடத்தில் கோடு போடுங்கள். அடுத்து வரும் வயது, கல்வித் தகைமை, முடிவுத் திகதி மூன்றையும் தனியாக எழுதுங்கள். இப்படிப் படித்த பிள்ளைக்குச் சொல்லும் தங்கும், விண்ணப்பமும் திகதிக்குள் போய்ச் சேரும்.